முறிகண்டியில் இறங்காதவர்கள்

கொழும்புக்கு எங்கள் பக்கத்தால் இரவில் ஒரே பஸ்.
தருமபுரத்தில் நானும் பிள்ளையும் ஏறினோம்,
அடுத்த தரிப்பில் அவன்.
நீதவான் குறித்த திகதி இருவருக்கும் ஒன்று.
வாயைத் திறந்து காட்ட வேண்டிய மேசையும் ஒன்று.

மோட்டார் சைக்கிளை விற்றிருந்தான்.
பரிசோதனை கேட்டவரே காசும் கட்டட்டும்
என்று கட்டளை.
அதன் பின் சீற்றிலிருந்து
கல்லாற்று மணல்பாதையால் நான் போன பின்னேரங்கள்
என்ன விலைக்குப் போயினவோ,
கேட்கவில்லை.

முதல் தவணையில் கூண்டில் ஏறி
"முறிகண்டிப் பிள்ளையார் அறிய
இது என்ரை பிள்ளை இல்லை" என்றான்.
எழுதுவினைஞர் பிள்ளையாரை விட்டுவிட்டு
மிச்சத்தைத் தட்டச்சு செய்தார்.
என் சட்டத்தரணி காதுக்குள் சொன்னா:
"அழாதேங்கோ தங்கச்சி,
தாபரிப்பு வழக்கிலை கண்ணீருக்கு இலக்கம் இல்லை."

அவன் கடைசி வரிசையில்.
நான் நாலாவதில்.
மிதுரன் என் மடியில் தலையும்
ஜன்னல் கம்பியில் காலுமாக நித்திரை.

கிளிநொச்சி தாண்டி
பஸ் முறிகண்டியில் நின்றது.
நிற்காமல் எந்த வாகனமும் போகாத இடம்.
எல்லாரும் இறங்கினார்கள். சாரதியும்.
தேங்காய் சிதறும் சத்தம்,
கச்சான் சரைகளோடு ஓடிவரும் பெண்கள்,
கற்பூரப் புகை ஜன்னல் வரைக்கும்.

பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் நான் இருந்தேன்.
அவன் ஏன் இருந்தான் என்று
எனக்குத் தெரியும்.
பிள்ளையாருக்கும்.

விளக்கணைத்த பஸ்ஸில் பத்து நிமிடம்.
ஒருமுறை இருமினான்.
பழைய இருமல்தான்,
முடியும் இடத்தில் ஒரு சின்ன விசில்.

மிதுரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்:
"அந்த மாமா ஏனம்மா கும்பிடப் போகேல்லை?"

"அவருக்குக் கால் நோ."

கையுறை போட்ட பெண்
பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள்.
பிள்ளை கூச்சத்தில் சிரித்தான்.
அவனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, எனக்கொன்று;
மூன்று உறை, மூன்று கையெழுத்து.

வாய் திறந்தபடி இருக்கையில்
அப்பா ஞாபகம் வந்தது.
வட்டுவாகலில் பெயர் பதிந்து
பஸ்ஸில் ஏறிப் போனவர்.
எத்தனை கடிதம், எத்தனை கொமிசன்,
படத்தைப் பிடித்தபடி எத்தனை வெயில்.
ஒருவரும் ஒருநாளும்
ஒரு பஞ்சுக் குச்சியோடு வந்து
வாயைத் திற பிள்ளை என்று என்னைக் கேட்டதில்லை.

என் மகனின் அப்பாவை
ஆறு கிழமையில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது.
அந்த மிச்சத் துளியை
அவனுடைய சட்டத்தரணி கொஞ்ச நேரம்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு இருந்துவிட்டார்.
மாதம் பன்னிரண்டாயிரம்,
பத்தாம் திகதிக்கு முன் நீதிமன்றக் காசாளரிடம்.
நான் கேட்டது பதினைந்து.

வெளி விறாந்தையில் அவன் எங்களைக் கடக்க வேண்டியிருந்தது.
சுவரோடு ஒதுங்கினான்.
மிதுரன் அவனை அடையாளம் கண்டுகொண்டான்:
"மாமா, கால் நோ மாறிட்டுதோ?"

அவன் குனிந்து
தன் காலைப் பார்த்தான்,
இரண்டையும்.

பதிவாளர் கந்தோரில் மூன்று தரம் அலைந்தேன்.
ஒரு தரம் அவர் லீவு, ஒரு தரம் பிரதியில் முத்திரை இல்லை.
மூன்றாம் தரம் புத்தகத்தை விரித்தார்.
தந்தையின் முழுப் பெயர் என்ற கட்டத்தில்
ஏழு வருசத்துக்கு முன் இழுத்த கோடு
இன்னும் நேராக இருந்தது.

"இராசநாயகம் க... கஜிபனோ கஜீபனோ?
குறிலோ, நெடிலோ?"

வீட்டில் நான் உச்சரிக்காத பெயர்.
"நெடில்" என்றேன்.
மை காய முதல் மூடிவிடாதேங்கோ
என்றும் சொன்னேன்.